பாலக்கரையில் என் சிறுநீரகம்

என்னுடைய இடது சிறுநீரகம் பாலக்கரையில் குடியிருக்கிறது. நான் மேலப்புதூரில் இருக்கிறேன். நடந்தால் பதினைந்து நிமிடம். இருந்தும் நடுவில் ஒரு வருஷம் நானும் அதுவும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

அது இருப்பது என் நாத்தனார் ஜெனிட்டாவின் வயிற்றில். என் வீட்டுக்காரர் அமல்ராஜின் ஒரே தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாமல் அப்பா விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்து பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். இருபத்திரண்டு வயதில் அவளுக்கு லூபஸ் வந்தது. காவலுக்கு இருக்க வேண்டிய ரத்த அணுக்களுக்குப் புத்தி பேதலித்துப்போய், சொந்த உடம்பையே எதிரி என்று நினைத்து அடிக்கிற வியாதி. முதலில் மூட்டு, பிறகு கன்னம், கடைசியில் இரண்டு சிறுநீரகங்களையும் தின்று தீர்த்தது. மூன்று வருஷம் டயாலிசிஸ் மெஷினில் படுத்திருந்தாள்.

ஜெனிட்டாவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். தன்னுடைய பொருள் எதையும் உருப்படியாக வைத்துக்கொள்ளத் தெரியாதவள். அவள் போனில் கண்ணாடி விரியாத நாள் கிடையாது. குடை வாங்கினால் முதல் மழைக்கே தொலையும். ஆனால் இரவல் வாங்கின பொருளை அவள் வைத்துக்கொள்கிற அழகே தனி. என் இட்லிக் குண்டானைக் கொண்டுபோனால் புளி போட்டுத் தேய்த்து, கடையில் வாங்கின அன்றைக்கு இருந்ததைவிடப் பளபளவென்று திரும்பி வரும். காலியாகவும் வராது. இரவல் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பது அவர்கள் வீட்டுப் பழக்கம். நாலு முறுக்காவது, ஒரு கொத்துக் கறிவேப்பிலையாவது உள்ளே கிடக்கும். எனக்கும் அவளுக்கும் பேச்சு இல்லாத காலங்களில்கூட இது நின்றதில்லை. குண்டானை வாசலில் வைத்து மணியை அடித்துவிட்டு ஓடிவிடுவாள்.

பேச்சு ஏன் இல்லை என்று கேட்காதீர்கள். என் கல்யாண ஆல்பத்தில் அவள் படம் இரண்டுதான் இருக்கிறது என்பதில் ஆரம்பித்தது. அதற்கப்புறம் எது எதற்கோ. பதினைந்து வருஷத்தில் காரணங்களுக்குப் பஞ்சமா?

அவளுக்குச் சிறுநீரகம் வேண்டும் என்றபோது என் வீட்டுக்காரரைச் சோதித்தார்கள். சர்க்கரை; ஆகாது என்றுவிட்டார்கள். அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கு ஆம்பளை அழுகிற சத்தம் ஆகாது. "அழாதீங்க. என்னோடதைப் பாக்கச் சொல்லுங்க, ஒத்துப்போனா எடுத்துக்கட்டும்" என்றேன். ஒத்துப்போகாது என்ற தைரியத்தில்தான் சொன்னேன், பொய் சொல்ல மாட்டேன். பார்த்தால் அப்படி ஒரு பொருத்தம். எங்கள் இருவருக்கும் வாழ்நாளில் ஒத்துப்போன ஒரே சங்கதி அதுதான்.

கொடுத்தாயிற்று. கொடுத்த பிறகு எனக்கு ஒரு விசித்திரமான ஆசை வந்தது. அது அங்கே என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெளியூரில் தங்கிப் படிக்கிற பிள்ளையை விசாரிப்பதுபோலத் தினமும் காலை ஏழு மணிக்குப் போன் போடுவேன்.

"நேத்து எவ்வளவு போச்சு?"

"ரெண்டு லிட்டர் இருநூறு, அண்ணி."

"கிரியாட்டினின்?"

"ஒண்ணு புள்ளி ஒண்ணு."

கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியே தள்ளாமல் விட்ட கழிவின் அளவு. ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் கவலையில்லை. மூன்று வருஷம் அது ஒன்று புள்ளி ஒன்றைத் தாண்டவில்லை. காலை ஒன்பதுக்கும் இரவு ஒன்பதுக்கும் அலாரம் வைத்து மாத்திரை. அந்நியச் சிறுநீரகத்தை உடம்பு விரட்டாமல் இருக்க, காவல் அணுக்களை அடக்கி வைக்கிற மாத்திரை. குடை தொலைக்கிறவள் மூன்று வருஷத்தில் ஒரு வேளை தவறவில்லை. உப்பைத் தொடவில்லை. எனக்கே ஆச்சரியம்.

அப்புறம்தான் என் வாய் வேலை செய்தது.

என் மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். பூசை முடிந்து மண்டபத்தில் சாப்பாடு, எண்பது பேர் இருப்பார்கள். நான் பரிமாறிக்கொண்டே வந்தேன். ஜெனிட்டா இலையில் எலுமிச்சை ஊறுகாய். ஒரு துண்டு. சுண்டு விரல் நகம் அளவு. அத்தனை பேர் முன்னால் சத்தமாகச் சொன்னேன்: "அடியே, ஊறுகாயா? உள்ள இருக்கிறது என் கிட்னிடி! என் பொருளை வெச்சுக்கிட்டு உன் இஷ்டத்துக்கு ஆடாத."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஜெனிட்டா ஊறுகாயை இலை ஓரத்தில் ஒதுக்கினாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் போனை எடுக்கவில்லை.

நாலு மாதம் கழித்து என் வீட்டுக்காரர் ஒரு சேதி கொண்டுவந்தார்.

"ஜெனி பேர் மாத்திக்கப் போறா."

"ஏன், ஜெனிட்டாவுக்கு என்ன குறைச்சல்?"

"அவ பேர் இல்ல. கிட்னியோட பேர்."

ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருந்த சிகிச்சை அது. ஆஸ்பத்திரி எதுவென்று சொல்ல மாட்டேன். அங்கே இன்னமும் எங்களுக்குக் காரியம் இருக்கிறது. அவர் தனக்குப் புரிந்த மாதிரி விளக்கினார்.

"ஒவ்வொரு செல்லு மேலயும் அது யாரோடதுன்னு ஒரு அடையாளம் இருக்காம். உன் கிட்னில உன் அடையாளம். அதான் ஜெனி உடம்பு அதை வேத்தாளா பாக்குது, அதான் மாத்திரை. இப்ப ரத்தத்துல ஒரு மருந்து விடுவாங்களாம். அது போயி ஒவ்வொரு செல்லா உன் அடையாளத்தை அழிச்சிட்டு ஜெனி அடையாளத்தை எழுதிடும். பட்டால பேர் மாத்துற மாதிரி. அப்புறம் மாத்திரையே வேணாம்."

"நான் கையெழுத்து போடணுமா?"

"வேணாமாம். குடுத்தது குடுத்ததுதானாம்."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மாத்திரை வேண்டாம் என்பது நல்ல விஷயம்தானே, எனக்கு ஏன் வலிக்க வேண்டும்? வலித்தது. இரண்டு மாதத்தில் குடும்ப குரூப்பில் ஒரு படம் போட்டாள். மணிக்கட்டில் ஒட்டியிருக்கும் வில்லை ஒன்று உடம்பைக் கவனித்து எண் காட்டும். அதற்கு அந்நிய எண் என்று பெயர். நூறு என்றால் முழுக்க வேறு ஆளுடையது. பூஜ்யம் என்றால் முழுக்கச் சொந்தம். படத்தில் பூஜ்யம் இருந்தது. கீழே ஒரு வரி: 'இனி யாருக்கும் என்னால் தொந்தரவு இல்லை.' நாற்பது பேர் கைதட்டல் போட்டிருந்தார்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தையல் மெஷினில் உட்கார்ந்து யாருடைய ரவிக்கையையோ இரண்டு முறை பிரித்துத் தைத்தேன்.

ஆறு மாதம் போனது. ஒரு நாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் என் தையல் கடைக்கே வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"ஜெனி ஆஸ்பத்திரில சேந்து ரெண்டு வாரம் ஆச்சாம், நம்மகிட்ட சொல்லவே இல்ல. காலு ரெண்டும் தூண் மாதிரி வீங்கியிருக்கு. ரெண்டு மாசமா மறைச்சிருக்கா. கிரியாட்டினின் மூணு புள்ளி ரெண்டு."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். "உடம்பு தள்ளுதா?"

"அதான் இல்ல! வில்லை பூஜ்யம்தான் காட்டுது. கொஞ்சம்கூடத் தள்ளல. கிட்னில ஊசி போட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பாத்தாங்க. லூபஸ் திரும்பி வந்து அதுல உக்காந்திருக்காம். ரெண்டு வாரமா மருந்து ஏத்துறாங்க, கேக்கல. இப்படியே போனா மூணு வாரத்துல கிட்னி போயிடுமாம் ரோஸி."

'கிட்னி' என்றார். 'உன் கிட்னி' என்று சொல்லவில்லை. பயந்திருப்பார்.

மறுநாள் காலை நான் தனியாகப் போய் அந்த டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் நப்பின்னை. முப்பத்தைந்து வயது இருக்கும். தூக்கம் கெட்ட கண். என்னிடம் இன்னொரு சிறுநீரகம் கேட்டுவிடுவார்களோ என்று பயந்து வந்திருக்கிறேன் என நினைத்தாரோ என்னவோ, "நீங்க இன்னொண்ணு குடுக்க முடியாது, தெரியும்ல?" என்றுதான் ஆரம்பித்தார்.

"அது தெரியும் டாக்டர். எனக்கு வேற ஒண்ணு தெரியணும். மூணு வருஷம் அதே கிட்னி, அதே உடம்பு, அதே லூபஸ். அப்ப ஒண்ணும் ஆகல. இப்ப மட்டும் ஏன்?"

"நாங்களும் அதுக்குத்தான் மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்கோம். ஒரு பாதி புரியுது." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "மாத்தி வெச்ச கிட்னிக்கு லூபஸ் திரும்ப வர்றது உண்டு, ஆனா ரொம்பப் பேருக்கு வராது. உடம்பு தள்ளாம இருக்கக் குடுக்கிற மாத்திரை லூபஸையும் சேத்துக் கட்டிப்போடும். மூணு வருஷமா அது சத்தமில்லாம இருந்துச்சா, தூங்கிடுச்சுன்னு நெனச்சோம். தூங்கல, கட்டுலதான் இருந்துச்சு. பேர் மாத்தினதும் மாத்திரையை நிறுத்தினோம். அது என் தப்பு, அக்கா. இருநூத்திப் பதினாலு பேருக்குப் பண்ணினதுல ஒருத்தருக்கும் லூபஸ் கிடையாது. உங்க நாத்தனார்தான் முதல் ஆள். நான் வேணாம்னு சொன்னேன். அவங்க விடல."

"சரி, மாத்திரையை மறுபடி குடுக்கலாம்ல?"

"குடுத்துட்டோம். ரெட்டிப்பாவே குடுத்துட்டோம். கேக்கல. அதுதான் புரியாத பாதி."

நான் யோசித்தேன். யோசிக்க யோசிக்க ஜெனிட்டாவின் விரிந்த போனும் என் இட்லிக் குண்டானும்தான் கண்ணில் வந்தன. சொல்லலாமா, சிரிப்பாரோ என்று இருந்தது. சொன்னேன்.

"டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. அவ தன்னோடதுன்னு ஆயிடுச்சுன்னா எதையும் வெச்சுக்க மாட்டா. இரவல்னா கண்ணுல வெச்சுப் பாத்துப்பா. அவ உடம்புக்கும் அதே குணமோ? சொந்தத்தைத்தானே அது அடிக்குது? அது என்னோடதா இருந்த வரைக்கும் விட்டு வெச்சிருந்துச்சு. நீங்க அது மேல அவ பேரை எழுதிட்டீங்க."

டாக்டர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"எல்லா பேஷன்ட் உடம்பும் 'இது உன்னோடது'ன்னு சொன்னா அடங்கிடும். இவங்க உடம்புக்கு..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினார். "அக்கா, எனக்கு உங்க யூரின் வேணும்."

நல்ல மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

சிறுநீரில் சிறுநீரகத்தின் செல்கள் நாலைந்து உதிர்ந்து வருமாம். அவற்றை எடுத்து வளர்த்தார்கள். ஐந்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பார்க்க வேண்டும் என்று நான்தான் அடம்பிடித்திருந்தேன்.

ஆய்வுக்கூடத்தில் இரண்டு சின்னக் கண்ணாடித் தட்டுகள். இரண்டிலும் என் செல்கள். வலது தட்டில் இருப்பவற்றுக்கு மட்டும் ஜெனிட்டாவின் பெயருக்கு மாற்றி எழுதியிருந்தார்கள். மற்றபடி வித்தியாசம் இல்லை. இரண்டிலும் பழைய மாத்திரையின் மருந்தைக் கலந்து, ஜெனிட்டாவின் ரத்தத்திலிருந்து பிரித்த அணுக்களைச் சொட்டினார்கள். மேலே பெரிய திரையில் இரண்டும் தெரிந்தன.

இடது தட்டில் அவள் அணுக்கள் என் செல்களைச் சுற்றி வந்தன. முகர்ந்து பார்ப்பதுபோல நின்றன. மருந்து பிடித்து இழுத்ததோ என்னவோ, நகர்ந்துவிட்டன.

வலது தட்டில் பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒன்று வந்து ஒட்டியது. இன்னொன்று. மொய்த்துவிட்டன. என் செல்கள் உப்பி, ஒவ்வொன்றாக உடைந்தன. நாற்பது நிமிடத்தில் அங்கே கசடு மட்டும் இருந்தது. இரண்டும் என் உடம்பில் பிறந்தவை. பெயர்தான் வேறு. ஜெனிட்டா பதினேழு வருஷமாக இதைத்தான் உள்ளே வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதுவரை அவளுக்கு வியாதி என்று தெரியும், அவ்வளவுதான்.

"திருப்பி மாத்த முடியுமா டாக்டர்?"

"முடியும். மறுபடி உங்க அடையாளத்தை எழுதணும். அதுக்கு உங்க ரத்தம் வேணும், உங்க சம்மதம் வேணும். கெட்ட பகுதி கெட்டதுதான், மிச்சத்தைக் காப்பாத்தலாம். ஆனா அவங்க ஒத்துக்கணும். ஆயுசுக்கும் மாத்திரை, ஆயுசுக்கும் அந்நிய கிட்னி. நேத்தே சொல்லிப் பாத்தேன்." டாக்டர் கையை விரித்தார். "முடியாதுன்னுட்டாங்க."

வார்டுக்குப் போனேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவளைப் பார்க்கிறேன். முகம் உப்பியிருந்தது. இரண்டு கன்னத்திலும் பழைய சிவப்பு. என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"படு, படு. என்னடி, மாட்டேன்னியாமே?"

"வேணாம் அண்ணி. மெஷின்லயே படுத்துக்கிறேன். பழக்கம்தானே."

"மெஷின்ல உன் நெஞ்சு இன்னொரு தடவை தாங்காதுன்னு டாக்டர் சொல்றாங்க."

"தாங்குற வரைக்கும்."

கோபம் வந்தது எனக்கு. அங்கேயே கத்தியிருப்பேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"நான் மண்டபத்துல சொன்னதை நெனச்சுக்கிட்டுத்தான் இதெல்லாம் பண்ற. நான் சொன்னது தப்பு. எனக்கு வாய் ஜாஸ்தி, உனக்குத் தெரியாதா? மன்னிச்சிரு."

பதினைந்து வருஷத்தில் அந்த வார்த்தையை நான் அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் மிரண்டுபோனாள்.

"ஐயோ, அதுக்கு இல்ல அண்ணி."

"பின்ன எதுக்கு?"

கொஞ்ச நேரம் போர்வை நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு வருஷம் நான் ஒரு நாளும் அசந்து தூங்கினதில்ல. ஒன்பது மணி மாத்திரை எட்டு ஐம்பதுக்கே கையில இருக்கும். பஸ்ல யாராவது இடிச்சா வயித்தைப் பொத்திக்குவேன். தும்முனாக்கூட பயம். அண்ணி பொருளு, அண்ணி பொருளுன்னு. அன்னிக்கு அந்த ஊறுகாயை எத்தனை நாள் யோசிச்சு எடுத்தேன் தெரியுமா? என் பேருக்கு மாத்திட்டா, கெட்டுப்போனாலும் என்னோடது கெட்டுச்சுன்னு போயிடும்ல. யாருக்கும் பதில் சொல்ல வேணாம். ஆறு மாசம் நிம்மதியாத் தூங்கினேன் அண்ணி. காலு வீங்குனப்பகூட, போகட்டும், என்னோடதுதானேன்னு இருந்துட்டேன்." போர்வையை விட்டுவிட்டு வயிற்றைப் பொத்திக்கொண்டாள். "இப்பப் பாத்தா உங்களோடதைத்தான் கெடுத்து வெச்சிருக்கேன். திருப்பி உங்க பேருக்கு மாத்தி, மறுபடி அந்தப் பயத்தோட... என்னால முடியாது."

அவளுக்கு அந்தப் பயத்தைக் கொடுத்தது நான். தினமும் ஏழு மணிக்குப் போன் போட்டு, எவ்வளவு போச்சு என்று கேட்டது நான். அக்கறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது வீட்டுச் சொந்தக்காரன் வாடகை வீட்டைச் சுற்றிப் பார்க்க வருகிற மாதிரி இருந்திருக்கிறது.

"ஜெனி, எங்கிட்ட வர்ற துணியெல்லாம் யாரோடது?" என்றேன் கடைசியில்.

"கஸ்டமரோடது."

"இருபது வருஷமா அடுத்தவங்க பட்டுலதான் கத்திரி வெக்கிறேன். பயந்துக்கிட்டா வெக்கிறேன்? கவனமா வெக்கிறேன். நாலு தடவை கெடுத்தும் இருக்கேன். ஒரு அம்மாவோட புதுப்பட்டு ரவிக்கையில கை நீளத்தைத் தப்பா வெட்டிட்டேன். அவங்க என்ன, என்னைக் கொன்னாங்களா? இன்னிக்கும் எங்கிட்டதான் தெக்கிறாங்க." அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். "கெட்டா கெட்டுப்போகுது போ. நான் கேக்க மாட்டேன். காலையில போன் போட மாட்டேன். நீ ஊறுகாய்ப் பாட்டிலையே தின்னு. ஆனா நீ இருக்கணும்டி. நீ போயிட்டா எங்கூட சண்டை போட யாரு இருக்கா?"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பக்கத்துக் கட்டில் அம்மாளும் மூக்கைச் சிந்தினார்.

இரண்டு நாள் யோசித்துக் கையெழுத்துப் போட்டாள். நான் இரண்டு தடவை ரத்தம் கொடுத்தேன். மருந்து ஏறியது. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நடந்ததை வெளியாள் பார்த்திருந்தால் பைத்தியங்கள் என்றிருப்பார். என் வீட்டுக்காரர் தினமும் வில்லையின் எண்ணைப் பார்த்துக் கத்துவார். "அந்நியம் பதினெட்டு!" இரண்டு வாரம் கழித்து, "அந்நியம் நாப்பத்தி ஒண்ணு, ரோஸி!" எண்பதைத் தாண்டிய அன்றைக்கு ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு லட்டு வாங்கிக் கொடுத்தார். உலகத்தில் மற்ற எல்லா பேஷன்டும் பூஜ்யத்துக்கு ஜெபம் செய்ய, நாங்கள் மட்டும் நூற்றுக்கு ஜெபம் செய்தோம். தொண்ணூற்று மூன்றில் நின்றது. கால் வீக்கம் வடிந்தது. கிரியாட்டினின் இறங்கி ஒன்று புள்ளி ஏழில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே இனி வராது. மூன்றில் ஒரு பங்கு தழும்பாகிவிட்டது என்றார் டாக்டர் நப்பின்னை. இனி லூபஸ் உள்ளவர்கள் யாருக்கும் பெயர் மாற்றக் கூடாது என்று ஊர் ஊராக எழுதியும் அனுப்பிவிட்டார். அதில் என் இட்லிக் குண்டானைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்டேன், சிரித்து மழுப்பிவிட்டார்.

நான் வாக்கைக் காப்பாற்றினேன். ஏழு மணிக்குப் போனைக் கையில் எடுப்பேன், வைத்துவிடுவேன். விரல் துடிக்கும். ஆனாலும் போடவில்லை.

மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "மேடம், ஜெனிட்டா மேடத்தோட உறுப்புப் படிவத்துல ஒரு சிக்கல். நீங்க ஒருக்கா வந்து பாக்க முடியுமா? கம்ப்யூட்டர் ஏத்துக்க மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். உறுப்பின் நிலை என்ற இடத்தில் இரண்டே தேர்வு: 'தானம்', 'சொந்தமாக்கப்பட்டது'. ஜெனிட்டா இரண்டையும் கோடு போட்டு அடித்துவிட்டு, கணக்கு டீச்சரின் அழகான கையெழுத்தில் 'இரவல்' என்று எழுதியிருந்தாள். கொடுத்தவர் பெயர்: ரோஸ்லின் அமல்ராஜ், அண்ணி. கீழே, பிற குறிப்புகள் என்ற இடத்தில்: 'என் அண்ணிக்கு மிச்சமிருக்கும் ஒன்று எப்போதாவது பழுதானால், நான் அப்போது உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இது திருப்பித் தரப்படும். இதில் அவர் பெயர்தான் எழுதியிருக்கிறது. அவர் உடம்பு மறுக்காது.'

"இப்படியெல்லாம் நடக்குமா மேடம்?" என்றாள் அந்தப் பெண்.

டாக்டரிடம் கேட்டேன். உயிரோடு இருக்கும்போது எடுக்கச் சட்டம் விடாது, அதற்குப் பிறகு என்றால் முடியும் என்றார். முன்பு பெயர் மாற்றின நிலையில் இருந்திருந்தால் என் உடம்பே அதை வேற்றாளாக நினைத்து விரட்டியிருக்குமாம். இப்போது அப்படியில்லை, கொஞ்சம் தழும்போடு வீடு திரும்பலாமாம். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வாசலில் மணி அடித்தது. ஓடிப்போகவில்லை, நின்றுகொண்டிருந்தாள். கையில் என் இட்லிக் குண்டான், எப்போது வாங்கிப் போனாள் என்றே எனக்கு நினைவில்லை, சும்மா மின்னியது. உள்ளே முறுக்கு.

"படிவத்தைப் பாத்தேன்" என்றேன்.

"ஓ."

"உயிரோட இருக்கிறப்பவே தருவாளாம். கொழுப்புதானே உனக்கு?"

"சட்டம் விடாதாமே. டாக்டர் போன் பண்ணித் திட்டினாங்க." செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, உரிமையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அதனால என்ன, வாங்கினவதானே பாத்திரத்தைத் திருப்பித் தரணும்?"

"அது சரி. உங்க வீட்டுப் பழக்கம் என்ன ஆச்சு? வெறும் பாத்திரமாத் திருப்பித் தரக் கூடாதுல்ல? அதுக்குள்ள என்னத்தை வெச்சுத் தருவ?"

சும்மா கிண்டலுக்குத்தான் கேட்டேன். ஜெனிட்டா நிஜமாகவே யோசித்தாள். மணிக்கட்டில் வில்லை பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"ஒரு முப்பது வருஷத்தை வெச்சுத் தர்றேன் அண்ணி. பத்துமா?"

பேசிக்கொண்டே இரவாகிவிட்டது. எட்டு ஐம்பதுக்கு அவள் மாத்திரையைக் கையில் எடுக்கவில்லை; சரியாக ஒன்பது மணிக்கு அவள் போனில் அலாரம் அடித்தது. அதன் கண்ணாடி வழக்கம்போல விரிந்திருந்தது. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன், அவள் மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். முறுக்கில் மருந்துக்குக்கூட உப்பு இல்லை. இருந்தும் குண்டான் காலியாகிற வரை இரண்டு பேரும் தின்றோம்.